நாடகத்தைக் கதையாக்கிய தமக்கை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவன்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை மூலத்தில் படித்துப் புரிந்துகொள்வது எளிதன்று. 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம், அதுவும் செய்யுள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். வீட்டில் பொருள் கேட்க ஆளில்லை. அப்போது எனக்குக் கைகொடுத்தது சார்லஸ் லாமின் ‘ஷேக்ஸ்பியர் கதைகள்’. அதில் பெரும்பகுதியை எழுதியவர் அவருடைய தமக்கை மேரி என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மேரி 1764-இல் இலண்டனில் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தர். பத்து வயது இளையவரான தம்பி சார்லஸுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைத்தது. மேரிக்கோ அந்த வழக்கறிஞரின் நூலகமே கல்விக்கூடம். வளர்ந்தபின் தையல் வேலை செய்தார். பகலெல்லாம் ஊசியும் நூலும்; அதோடு நோயுற்ற தாய்க்குப் பணிவிடை. ஓய்வறியாத அம்மனம் ஒருநாள் நிலைகுலைந்தது. 1796 செப்டம்பர் 22 அன்று, சித்தம் கலங்கிய வேளையில், பெற்ற தாயையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராயிருந்த சார்லஸுக்கு அப்போது வயது 21. தமக்கையைக் காலமெல்லாம் காக்கும் பொறுப்பை அவர் ஏற்றார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. நோய் திரும்பும் போதெல்லாம் மேரி மருத்துவ விடுதிக்குச் செல்வார். தெளிந்ததும் தம்பியிடம் திரும்புவார்.

இத்தகைய வாழ்விடையேதான் 1807-இல் அந்நூல் வெளிவந்தது. கதைகள் 20. அவற்றுள் மேரி எழுதியவை 14. சார்லஸ் எழுதிய துன்பியல் கதைகள் 6. உரையாடலை உரைநடைக் கதையாக்கினர், கிளைக்கதைகளைக் குறைத்தனர். ஆயினும் இயன்றவரை ஷேக்ஸ்பியரின் சொற்களையே வைத்துக்கொண்டனர். அவருக்குப் பின் வழக்கில் வந்த சொற்களைக் கூடியவரை விலக்கினர். இக்கதைகளில் பழகியவன் மூலத்தைத் தொடும்போது அந்நியமாக உணர்வதில்லை. இது என் அனுபவம்.

அவர்கள் முதன்மையாக மனத்திற்கொண்டது சிறுமியரை. தந்தையின் நூலகம் ஆண்பிள்ளைகளுக்கு முன்னதாகவே திறந்துவிடும், பெண்பிள்ளைகளுக்கு அப்படியன்று என்பதே காரணம். மேரியைவிட இதை நன்கறிந்தவர் யார்?

ஆனால் நூலின் முகப்பில் சார்லஸ் பெயர் மட்டுமே இருந்தது. மேரியின் பெயர் 1838-இல்தான் இடம்பெற்றது. அதற்குள் சார்லஸ் மறைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. 1847-இல் மேரியும் மறைந்து, எட்மண்டனில் தம்பியின் கல்லறையிலேயே அடக்கமானார்.

நண்பர்களே! அந்நூலைக் கையிலெடுக்கும் போது அந்த அம்மையாரின் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.