சிகரெட் பெட்டி விலையில் ஒரு நாவல்

ரயில் வரும்வரை படிக்க ஒன்றும் இல்லையென்றால் நாம் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறோம். 1934-ல் இங்கிலாந்தில் எக்ஸிடர் ரயில் நிலையத்தில் அப்படிக் காத்திருந்த ஆலன் லேனுக்கு, நல்ல புத்தகம் ஏன் மலிவாகக் கிடைப்பதில்லை என்ற கேள்வி வந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் பெங்குவின் பதிப்பகம். உங்கள் வீட்டு அலமாரியிலும் அதன் ஆரஞ்சு நிற நூல் ஒன்று இருக்கலாம்.

1902-ல் பிரிஸ்டல் நகரில் பிறந்த லேன் கல்லூரிக்குப் போகவில்லை. 1919-ல் உறவினர் ஒருவரின் பதிப்பகத்தில் சேர்ந்து தொழில் கற்றார்.

அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். அப்போது ஒரு புது நாவல் ஏழு ஷில்லிங் ஆறு பென்னி, அதாவது 90 பென்னி. லேன் வைத்த விலை வெறும் 6 பென்னி. பத்து சிகரெட் உள்ள பெட்டிக்கும் அதே விலைதான். ஆனால் ஒவ்வொரு நூலும் சுமார் 17,000 பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். இவ்வளவு மலிவாக விற்றால் என்ன மிஞ்சும் என்று புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். சில்லறைச் சாமான்கள் விற்கும் உல்வொர்த் கடைகள் அறுபதாயிரத்துக்கும் மேல் பிரதிகள் கேட்ட பிறகே நிலைமை மாறியது.

1935 ஜூலையில் முதல் பத்து நூல்கள் வந்தன. ஹெமிங்வேயும் அகதா கிறிஸ்டியும் அவற்றில் உண்டு. ஓராண்டில் முப்பது லட்சம் பிரதிகள் விற்றன. மலிவு விலை நூல் என்றால் மட்டமான நூல் என்ற எண்ணம் அடிபட்டுப் போனது.

1937-ல் அறிவு நூல்களுக்காகப் பெலிகன் வரிசையைத் தொடங்கினார். அதன் ஆசிரியர்களில் ஒருவர், நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன். ஆம், பின்னாளில் நமது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவரேதான்.

பெரிய சோதனை 1960-ல் வந்தது. டி.எச். லாரன்ஸின் தடைபட்டிருந்த நாவலை முழுமையாக, மூன்றரை ஷில்லிங்குக்கு வெளியிட முனைந்தபோது, ஆபாசம் என்று பெங்குவின் மீது வழக்குப் போட்டார்கள். உங்கள் மனைவியோ வேலைக்காரரோ இதைப் படிக்க விடுவீர்களா என்று அரசு வழக்கறிஞர் ஜூரிகளைக் கேட்டார். கவனியுங்கள், புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, அது யார் கைக்குப் போகிறது என்பதும் அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்தது. ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். இரண்டு லட்சம் பிரதிகள் முதல் நாளே தீர்ந்தன.

லேன் 1970-ல் காலமானார். எளிய மனிதருக்கும் நல்லதைப் படிக்க ஆசை உண்டு என்று நம்பித்தான் அவர் முதல் போட்டார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. நம் வளாகத்தில் காவல் பார்ப்பவரும் வீட்டு வேலைக்கு வருபவரும் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டால், கொண்டுபோய்ப் படியுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.