சீமாட்டி எடுத்த சுத்தியல்

சுத்தியலும் உளியும் கூலிக்காரன் கைக்கு, பூத்தையல் ஊசி சீமாட்டி கைக்கு என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைச் சொல்கிறோம். அங்கே பிரபுக்கள் வட்டத்தில் பிறந்து, கல்தச்சரின் கருவியைக் கையில் எடுத்த ஆன் டேமர் அம்மையாரைப் பற்றி இன்று எழுதுகிறோம்.

பிறந்தது 1748-ல். தந்தை கான்வே படைத் தளபதி; அமைச்சராகவும் இருந்தவர். அவரிடம் செயலாளராக இருந்த தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம், தெருவிலே சாந்துப் பொம்மை விற்ற இத்தாலியச் சிறுவனோடு நின்று பேசினாராம். அதைக் கண்டு இந்தப் பெண் கேலி செய்தாள். உன்னால் ஒன்று செய்ய முடியுமா என்று அவர் கேட்க, மெழுகிலே ஒரு தலை செய்து நீட்டினாள். மெழுகு எவருக்கும் வளையும், கல்லில் செய் பார்க்கலாம் என்றார். கல்லிலும் செய்து காட்டினாள் என்று கதை போகிறது.

1767-ல் மில்டன் பிரபுவின் மகன் ஜான் டேமருக்கு மணமுடித்தார்கள். உடுப்புக்கும் சூதுக்கும் செல்வத்தைக் கொட்டிய சீமான் அவர். அவரும் தம்பிமாரும் சேர்த்த கடன் 70,000 பவுன் என்று பேசிக்கொண்டார்கள். 1776 ஆகஸ்டில் லண்டன் விடுதியொன்றில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். கடன் வாங்கியவர் கணவர். பழி விழுந்தது மனைவிமீது! மாமனார் சீறினார். நகைகளை விற்றுக் கடனைத் தீர் என்றார், அம்மையாரும் விற்றார். கைம்பெண்ணிடம் ஆத்திரம் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டு மாமனார்களுக்கு மட்டுமே சொந்தமல்ல போலும்!

மூலையில் முடங்கினாரா? இல்லை. ஆண்டுக்கு 2,500 பவுன் வரும்படி அவருக்கு உண்டு. ஏழைக் கைம்பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஏது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செராக்கி என்ற இத்தாலியரிடம் களிமண் வேலையும், பேக்கன் என்பாரிடம் கல்வேலையும் பயின்றார். ராயல் அகாதமி கண்காட்சியில் 1784 முதல் 1818 வரை அவர் படைப்புகள் இடம்பெற்றன. ஆனாலும் அமெச்சூர் என்ற முத்திரை போகவில்லை. இதெல்லாம் கூலிச் சிற்பிகள் செய்து கொடுத்தது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஹென்லி பாலத்தின் நடு வளைவில், தேம்ஸ் ஆற்றைக் குறிக்கும் அவருடைய கல்முகங்கள் இன்றும் இருக்கின்றன.

அவர் தேர்தல் களம் கண்டது 1784-ல். அதற்கு முந்திய டிசம்பரில், கிழக்கிந்தியக் கம்பெனியை நாடாளுமன்றத்தின் பிடிக்குள் கொண்டுவர ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதா பிரபுக்கள் சபையில் தோற்கடிக்கப்பட்டது. மன்னர் அமைச்சரவையையே வீட்டுக்கு அனுப்பினார். ஃபாக்ஸ் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்றார். வாக்குப்பதிவு ஒருநாள் இருநாளல்ல, நாற்பது நாள்! இரகசிய ஓட்டு 1872-ல்தான் வந்தது. அன்று எல்லாரும் பார்க்க வாயால் சொல்லவேண்டும். டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானாவோடு டேமர் அம்மையாரும் கடை கடையாக ஏறி ஓட்டுக் கேட்டார். அவருடைய அக்காள் கணவர் ரிச்மண்ட் கோமகனோ எதிரணி அமைச்சர்! ஒரு கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் ஜார்ஜியானா என்று கேலிச்சித்திரம் வரைந்து தள்ளினார்கள். கொள்கையில் வெல்ல வழியில்லாதபோது பெண்ணின் ஒழுக்கத்தில் சேறு பூசுவது எவ்வளவு பழைய தொழில் பாருங்கள்! ஃபாக்ஸ் 6,234 ஓட்டுப் பெற்றார். தோற்ற ரேயைவிட 236 அதிகம். ஓட்டுக் கேட்ட அந்தப் பெண்களுக்கு ஓட்டு இல்லை. பிரிட்டனில் பெண்கள் ஓட்டுரிமை பெறத் தொடங்கியதே 1918-ல்தான்.

ஃபாக்ஸின் மார்பளவுச் சிலையைத் தருவதாக நெப்போலியனுக்கு வாக்களித்திருந்த அம்மையார், 1815 மே மாதம் பாரிசில் அதை நேரிலேயே கொடுத்தார். அடுத்த மாதம் வாட்டர்லூ!

நெல்சனும் அவர் முன் அமர்ந்து சிலை செய்யக் கொடுத்தவர்தான். அந்த நெல்சன் தலை நம் தஞ்சைக்கும் வந்தது. இலங்கையில் தலைமை நீதிபதியாக இருந்த அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் அவருடைய உறவினர். அவர் கேட்டுக்கொண்டபடி தஞ்சை மன்னருக்கென அதை அனுப்பினார். அன்றைய மன்னர் சரபோஜி 1799 ஒப்பந்தத்தில் ஆட்சியைக் கம்பெனியிடம் இழந்து, கோட்டையோடு நின்றவர். நாடு போயிற்று, நெல்சன் தலை வந்தது! கம்பெனியை அடக்கப் புறப்பட்டவருக்காக ஓட்டுக் கேட்ட கைதான் அதையும் செய்தது என்பதை நினைக்கும்போது நமக்குச் சற்றே கசக்கிறது.

1828 மே 28-ல் மறைந்தார். கடிதங்களைக் கொளுத்திவிடச் சொல்லியிருந்தார். கென்ட் பகுதியில் சண்டிரிட்ஜ் என்ற ஊரின் தேவாலயத்தில், அவர் விரும்பியபடியே, வேலை செய்கையில் கட்டிய மேலாடையையும் உளி முதலிய கருவிகளையும், வளர்த்த நாயின் சாம்பலையும் உடன் வைத்து அடக்கம் செய்தார்கள்.