செல்லின் கதவைத் திறந்த மருந்து: இன்சுலின் தந்த பான்டிங்

இந்தியாவில் குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்படும் நவம்பர் 14, உலக நீரிழிவு தினமாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான கனடா மருத்துவர் ஃபிரெடெரிக் பான்டிங்கின் பிறந்த நாள் அது.

1891-ஆம் ஆண்டு ஒன்டாரியோ மாகாணத்தின் அலிஸ்டனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பான்டிங், முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிக் காயமடைந்தார். போருக்குப் பின் அவர் தொடங்கிய சிகிச்சையகத்துக்கு நோயாளிகள் அதிகம் வரவில்லை. 1920 அக்டோபர் இறுதியில் மாணவர்களுக்கான விரிவுரைக்குத் தயாரானபோது, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்பைக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்கும் யோசனை அவருக்குத் தோன்றியது.

டொரொண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியோட் ஆய்வகம் வழங்க, 1921-இல் மாணவர் சார்லஸ் பெஸ்டுடன் நாய்களிடம் சோதனைகளைத் தொடங்கினார். அக்காலத்தில் இந்நோய் தாக்கிய சிறுவர்களுக்குக் கடும் பட்டினிதான் சிகிச்சை. அதுவும் மரணத்தைச் சிறிது தள்ளிப்போட மட்டுமே உதவியது.

1922 ஜனவரி 11-ஆம் தேதி 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்ப்சனுக்குச் செலுத்தப்பட்ட முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மருந்தை வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய பின், ஜனவரி 23-ஆம் தேதி மீண்டும் செலுத்தப்பட்டபோது சர்க்கரை அளவு வெகுவாகக் குறைந்தது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923-இல் மெக்லியோடுடன் நோபல் பரிசு பெற்ற பான்டிங், தமது பங்குத் தொகையைப் பெஸ்டுடன் பகிர்ந்துகொண்டார். காப்புரிமை ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும், இன்சுலின் எவ்வாறு செயல்படுகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. 1941 பிப்ரவரியில் நியூஃபவுண்ட்லாந்தில் நேரிட்ட விமான விபத்தில் 49 வயதில் அவர் உயிரிழந்தார். அதன் பிறகே, செல்லுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் உதவுவதை ரக்மீல் லெவின் குழுவினர் 1949-இல் நிரூபித்தனர்.

குளுக்கோஸ் தானாகச் செல்லின் சவ்வை எளிதில் கடக்க இயலாது. தசை, கொழுப்புச் செல்களின் மேற்பரப்பில் இன்சுலின் இணைந்ததும், உள்ளே காத்திருக்கும் 'குளூட்-4' என்னும் கடத்திப் புரதங்கள் சவ்வுக்கு நகர்ந்து குளுக்கோஸை உள்ளே அனுமதிக்கின்றன. இன்சுலின் இல்லையெனில், ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் அச்செல்கள் பசியில் வாடும். அக்கதவு கண்டறியப்படும் முன்பே, அதன் திறவுகோலை நோயாளிகளிடம் சேர்த்தவர் பான்டிங்.