பாத்ரூமில் பாட்டு, மாடிப்படியில் டிரம்ஸ்... வாடகை வீட்டிலிருந்து அமெரிக்காவைப் பிடித்த ஜோ மீக்! யார் இவர்?

பழைய கீபோர்டு ஒன்று, செல்போனில் பதிந்த மழைச் சத்தம், ஒரு லேப்டாப். இவ்வளவு இருந்தால் பெட்ரூமிலேயே ஆல்பம் போட்டுவிடலாம் என்கிற காலம் இது. பாட்டு என்றாலே பெரிய கம்பெனி, பெரிய ஸ்டுடியோ என்று இருந்த 1960-களில், லண்டனில் ஒருவர் இதே வேலையை வாடகை வீட்டில் செய்தார். அங்கே பதிவான ஒரு ட்யூன் அமெரிக்காவில் நம்பர் 1 ஆனது. ஆனால் அந்த ட்யூனுக்கான பணம், அவர் உயிரோடு இருந்தவரை கைக்கு வரவே இல்லை.

அவர் ஜோ மீக். முழுப்பெயர் ராபர்ட் ஜார்ஜ் மீக். 1929 ஏப்ரல் 5-ம் தேதி இங்கிலாந்தின் நியூவென்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே ரேடியோவைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற ஆசாமி. விமானப்படையில் ரேடார் டெக்னீஷியன், பிறகு மின்வாரிய வேலை, அதன்பின் லண்டன் ஸ்டுடியோக்களில் சவுண்ட் இன்ஜினியர். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு எந்த வாத்தியமும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. நொட்டேஷனும் தெரியாது. மனசுக்குள் ஓடும் ட்யூனை வாயால் முனகி டேப்பில் பதிவார். வேறொருவர் அதைக் கேட்டு நொட்டேஷனாக எழுதித் தரவேண்டும்.

மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர், 1960-ல் ஹாலோவே ரோடு 304-ம் எண் கட்டடத்தில் குடியேறினார். கீழே தோல் பொருள் கடை, மேலே மூன்று மாடி. அதுதான் வீடு, அதுதான் ஸ்டுடியோ. வயலின்காரர்கள் மாடிப்படியில் நின்று வாசிப்பார்கள். பாத்ரூமில் எதிரொலி நன்றாக இருக்கும் என்பதால் பாடகரை அங்கே நிறுத்துவார். 1964-ல் ஹனிகோம்ஸ் குழுவின் பாட்டுக்கு டிரம்ஸ் சத்தம் இன்னும் கனமாக வேண்டும் என்று, குழுவினரையே மரப்படிகளில் திம் திம் என்று மிதிக்கவிட்டார். மைக்குகளை சைக்கிள் கிளிப் போட்டு படிக்கட்டின் கைப்பிடியில் மாட்டியிருந்தார். அந்தப் பாட்டு பிரிட்டனில் நம்பர் 1!

தண்ணீர், பாட்டில், கல்லறைத் தோட்டம்

ஹாலோவே ரோட்டுக்கு வருவதற்கு முன்பே அவர் தொடங்கிய ஒரு விஷயம் இன்னும் விசித்திரமானது. நிலாவில் உயிர்கள் இருந்தால் அங்கே என்ன சத்தம் கேட்கும் என்று கற்பனை செய்து, 'ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்' என்று ஒரு ஆல்பம் செய்தார். ஸ்ட்ராவால் தண்ணீரில் ஊதிய குமிழிச் சத்தம், சிங்க்கில் தண்ணீர் வடியும் சத்தம், பாதி நிரம்பிய பால் பாட்டிலை ஸ்பூனால் தட்டிய சத்தம் எல்லாம் அதில் உண்டு. டேப்பை வேகமாக ஓட்டினால் மனிதக் குரல் கீச்சுக்குரலாகும். அதுதான் அவருடைய வேற்றுக்கிரகவாசி. 1960-ல் நாலு பாட்டு மட்டும் வெளிவந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. முழு ஆல்பமும் வெளியானது 1991-ல்.

ஆவிகள் மேலும் அவருக்கு நம்பிக்கை அதிகம். ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டங்களுக்குப் போய், அங்கே கேட்கும் சத்தங்களைப் பதிவு செய்துவந்தார்.

டெல்ஸ்டார்

1962 ஜூலை 10-ம் தேதி அமெரிக்கா டெல்ஸ்டார் செயற்கைக்கோளை ஏவியது. அட்லான்டிக் கடலைத் தாண்டி டிவி படங்கள் வந்தன. அந்த உற்சாகத்தில் மீக் ஒரு ட்யூன் போட்டார். டொர்னடோஸ் குழு வந்து வாசித்துவிட்டுப் போனது. அதன்மேல் ஜெஃப் கோடார்ட் என்ற நண்பரை வைத்து கிளாவியோலின் சேர்த்தார்.

சிந்தசைசர்கள் கடைக்கு வருவதற்கு முன்பே இருந்த குட்டி எலக்ட்ரானிக் கீபோர்டு இந்த கிளாவியோலின். பியானோவோடு சேர்த்து மாட்டிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். சத்தம் மகுடிக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். மகுடி என்று சும்மா சொல்லவில்லை. 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் பாம்பு இசை இதே கிளாவியோலினில் வாசித்ததுதான்! கல்யாண வீட்டில் கர்ச்சீஃப்பை வாயில் கவ்விக்கொண்டு ஆடுவோமே, அதே இசை.

'டெல்ஸ்டார்' பிரிட்டனில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். பீட்டில்ஸ் அங்கே கால் வைப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே அமெரிக்காவில் நம்பர் 1 ஆன முதல் பிரிட்டிஷ் இசைக்குழு டொர்னடோஸ்தான்.

பணம் எங்கே போச்சு?

1963-ல் ழான் லெட்ரு என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட்டார். 'ஆஸ்டர்லிட்ஸ்' படத்துக்குத் தான் போட்ட இசையிலிருந்து திருடியது என்பது புகார். அந்தப் படம் அப்போது பிரிட்டனில் வெளியாகவே இல்லை. இருந்தாலும் வழக்கு முடியும்வரை ராயல்டி முழுக்க முடங்கியது.

தன்பாலின உறவு குற்றமாக இருந்த காலம் அது. அதே ஆண்டு அது தொடர்பான ஒரு வழக்கில் மீக் கைதாகி அபராதம் கட்டினார். செய்தி பேப்பரில் வந்தது. மிரட்டல்களும் வந்தன. இன்னொரு பக்கம் பீட் குழுக்களின் அலையில் அவருடைய சவுண்டு பழசாகிக்கொண்டே போனது. கடன் ஏறியது. வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துத் தன் ட்யூன்களைத் திருடுகிறார்கள் என்று நம்ப ஆரம்பித்தார். மாத்திரைகள் நிலைமையை இன்னும் மோசமாக்கின.

1967 பிப்ரவரி 3-ம் தேதி, கீழே கடை நடத்திவந்த வீட்டு உரிமையாளரான பெண்மணியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, மீக் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது 37 வயசு. மேதையின் சோக முடிவு என்று எழுதும் பலர், அந்தப் பெண்மணியை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். மேலே வருஷக்கணக்கில் நடந்த இடி முழக்கத்தைச் சகித்துக்கொண்டவர் அவர். சத்தம் தாங்காத நாட்களில் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மீக் பதிலுக்கு வால்யூமை ஏற்றுவாராம். பகையாளி என்று சொல்ல அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

மீக் இறந்த பிறகுதான் 'டெல்ஸ்டார்' வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டத்தையும் அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து ஓரளவு தளர்த்தியது.

வீட்டில் மிச்சம் இருந்தவை, டீத்தூள் வரும் மரப்பெட்டிகளில் அடைத்துவைத்த 1,800-க்கும் மேற்பட்ட டேப்புகள். அவற்றை ஒருவர் மொத்தமாக வாங்கிப் பல பத்தாண்டுகள் பாதுகாத்தார். 2020-ல் செர்ரி ரெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கியது. டேப்புகளை டிஜிட்டலாக்கி, இதுவரை வெளிவராத பாடல்களை ஒவ்வொன்றாக வெளியிட்டு வருகிறார்கள்.