பறக்கும்போதே மூச்சு நின்ற இன்ஜின்... ஒரு வாஷரை வைத்துச் சரிசெய்த பைக் ரேஸர் பீட்ரைஸ் ஷில்லிங்!

பைக் நல்லாத்தான் ஓடிட்டு இருந்தது. நீங்க சும்மா இருப்பீங்களா? எக்ஸாஸ்ட்டை மாத்தினீங்க. ஏர் ஃபில்டரை மாத்தினீங்க. காத்து அதிகமாப் போகுதே, அதுக்கேத்த பெட்ரோலும் போகணுமேன்னு ஆன்லைன்ல ஒரு ஃபியூயல் டியூனர் பாக்ஸ் வாங்கி சீட்டுக்கு அடியில சொருகினீங்க. ஒரு மாசம் சொர்க்கம். அப்புறம் ஒருநாள், பஸ்ஸை ஓவர்டேக் பண்ற நேரம் பார்த்து வண்டி இருமுது. த்ராட்டிலை முறுக்க முறுக்க, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி தடுமாறுது. எதிர்ல லாரி.

அந்த ரெண்டு செகண்ட் வயித்துக்குள்ள என்ன நடந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 1940-ல் அதே ரெண்டு செகண்டை பல்லாயிரம் அடி உயரத்தில் அனுபவித்த பைலட்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தது ஹார்ன் அடிக்கும் பஸ் இல்லை, இயந்திரத் துப்பாக்கியோடு ஜெர்மன் போர் விமானம். அந்த இருமலை நிறுத்தியவர் ஒரு பைக் பைத்தியம். பெயர் பீட்ரைஸ் ஷில்லிங்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷையரில் உள்ள வாட்டர்லூவில் என்ற ஊரில், 1909 மார்ச் 8-ல் பிறந்தவர். அப்பா கறிக்கடைக்காரர். வீட்டில் மூன்றாவது பெண். கைக்காசில் வாங்கியதெல்லாம் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் வகையறாதான். 14 வயதில் சொந்தமாக ஒரு பைக் வாங்கினார். என்ன பைக் தெரியுமா? ராயல் என்ஃபீல்டு! 1955-ல் சென்னைக்கு வந்து, இன்னைக்கு நம்ம ஊர் வண்டியாகவே ஆகிவிட்ட அதே பெயர்தான். ஆனா பீட்ரைஸ் வாங்கியது டப்டப் சத்தம் போடும் புல்லட் இல்லை, சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டி. ஓட்டியதைவிட அதைக் கழற்றி மாட்டியதில்தான் அவருக்குக் கிக்.

பள்ளி முடித்ததும், மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் இன்ஜினீயர் நடத்திய மின்சார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வீடுகளுக்கு வயரிங் இழுப்பது, ஜெனரேட்டர் பொருத்துவது என்று மூன்று வருடங்கள் கை அழுக்காகும் வேலை. நீ காலேஜ் போயே ஆகணும் என்று தள்ளிவிட்டது அந்த முதலாளியம்மாதான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். வகுப்பில் இரண்டே பெண்கள். 1932-ல் பட்டம், அடுத்த வருடமே மெக்கானிக்கலில் மேற்பட்டம். அது உலகமே வேலையில்லாமல் அல்லாடிய காலம். ஆண் இன்ஜினீயர்களே தெருவில் நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு யார் வேலை தருவார்கள்? பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜின்களைப் பற்றிய ஆராய்ச்சி. அதாவது காற்றைத் திணித்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்து, பவரைக் கூட்டும் வித்தை. நீங்க சீட்டுக்கு அடியில் செய்யப் பார்த்த அதே வேலை!

வார இறுதி வந்தால் ஆளை லேபில் பிடிக்க முடியாது. புரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக்கில் இருப்பார். கான்க்ரீட் போட்டு, வளைவுகளில் சுவர் மாதிரி சாய்வாக எழுப்பிய மேடு பள்ளமான டிராக் அது. அங்கே ரேஸில் ஒரு சுற்றை 100 மைல் வேகத்துக்கு மேல் முடித்தால் தங்க நட்சத்திரம் பதித்த ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். 100 மைல் என்றால் கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். 1934-ல், தானே டியூன் செய்த 500 சிசி நார்ட்டன் பைக்கில் அந்த நட்சத்திரத்தை வாங்கினார் பீட்ரைஸ். டிராக்கின் வரலாற்றிலேயே அதை வாங்கிய பெண்கள் மூன்றே பேர். (பி.எஸ்.ஏ கோல்டு ஸ்டார் பைக்கின் பெயரே இந்த பேட்ஜிலிருந்து வந்ததுதான். அடுத்த முறை ஷோரூமில் பார்த்தா சும்மா ஒரு சல்யூட் வைங்க.)

1938-ல் ஜார்ஜ் நெய்லரைத் திருமணம் செய்தார். அவரும் கூட வேலை பார்த்தவர்தான். நீயும் ஒரு நட்சத்திரம் வாங்கிட்டு வா, அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம் என்று பீட்ரைஸ் நிபந்தனை போட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, மாப்பிள்ளையும் பேட்ஜ் வாங்கியவர்தான்!

இந்த இருவரும் வேலை பார்த்த இடம் ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட். அரசாங்கத்தின் விமான ஆராய்ச்சி நிலையம். 1936-ல் பீட்ரைஸை அங்கே எடுத்தது இன்ஜினைத் தொட இல்லை, இன்ஜினுக்கான கையேடு எழுத! எவ்வளவு நாள் தாங்குவார்? சீக்கிரமே கார்புரேட்டர் பிரிவுக்குத் தாவிவிட்டார். நல்லவேளை.

1940. இரண்டாம் உலகப்போர். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் இரண்டிலும் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் இன்ஜின். 12 சிலிண்டர், 27 லிட்டர், ஆயிரம் குதிரை சக்திக்கு மேல். சத்தத்தைக் கேட்டாலே மெய்சிலிர்க்கும் என்பார்கள். ஆனால் அந்த ராட்சசனிடம் ஒரு குறை. எதிரியைத் துரத்த விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால், இன்ஜின் இருமும். சில நேரம் மொத்தமாக நின்றேபோகும். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் இருந்தது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். ஜெர்மன் பைலட்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானம் பின்னால் ஒட்டினால், மூக்கைக் கீழே அழுத்தித் தப்பிவிடுவது. பிரிட்டிஷ் பைலட் முதலில் விமானத்தை உருட்டித் தலைகீழாக்கி, அப்புறம்தான் பாய முடியும். அதற்குள் எதிரி போயே போயாச்சு. பின்னால் எதிரி ஒட்டியிருக்கும்போது இன்ஜின் இருமினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இருமியது? உங்க வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பந்து மிதக்குமே, தண்ணீர் நிறைஞ்சா மேலே ஏறி வால்வை மூடுமே, அதேதான் கார்புரேட்டருக்குள்ளும். மிதவை, அதன் மேல்கீழ் அசைவில் திறந்து மூடும் ஒரு ஊசி வால்வு, அடியில் பெட்ரோல் போகும் ஜெட். தரையில் இருக்கிறவரைக்கும் பிரமாதம். ஆனா ஸ்பீடு பிரேக்கரில் பஸ் எகிறும்போது கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கீங்களா? பின்பக்கம் சீட்டை விட்டு எழும்புமே! மூக்கைக் கீழே அழுத்தும் விமானத்தில் பெட்ரோலுக்கும் அதே கதி. எழும்பிப்போய் அறையின் கூரையில் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் ஜெட்டுக்கு ஒன்றும் இல்லை. இன்ஜின் பட்டினியில் இருமும்.

இது முதல் பாதிதான். ரெண்டாவது பாதி இன்னும் மோசம். மிதவையும் இடம் மாற, ஊசி வால்வு முழுசாகத் திறந்துகொள்ளும். பம்ப் தன் முழு பலத்தோடு பெட்ரோலை உள்ளே அடிக்கும். இன்ஜினுக்குத் தேவையானதைவிட எக்கச்சக்கமாக. இப்போ பட்டினி போய் அஜீரணம்! கறுப்புப் புகை கக்கிக்கொண்டு இன்ஜின் மூழ்கிவிடும். விமானம் கீழே விழக் காரணமான நீண்ட மௌனம் இந்த ரெண்டாவது பாதியில்தான்.

அப்போ கார்புரேட்டரைத் தூக்கிப்போட்டுட்டு இன்ஜெக்‌ஷன் வைக்கவேண்டியதுதானே என்று கேட்பீங்க. ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் முட்டாள்கள் இல்லை. சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே பெட்ரோல் கலந்தால், அது ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக உள்ளே போகும். பவர் கூடும். அது தெரிஞ்சேதான் கார்புரேட்டரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தவிர, போர் நடுவில் ஆயிரக்கணக்கான இன்ஜின்களைக் கழற்றி மாற்ற எங்கே நேரம்?

பீட்ரைஸ் யோசித்த விதம் ஒரு நல்ல மெக்கானிக் யோசிக்கும் விதம். நோய் ரெண்டு, கொல்வது எது? பட்டினி சில நொடிகளில் போய்விடும், பைலட் சமாளிப்பார். கொல்வது வெள்ளம். சரி, வெள்ளம் எங்கிருந்து வருது? வால்வு திறந்துகொள்வதைத் தடுக்க முடியாது. ஆனா எவ்வளவு பெட்ரோல் அந்த வால்வு வரைக்கும் வரலாம் என்பதைத் தடுக்கலாமே! பெட்ரோல் குழாயில் நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைச் செருகினார். இன்ஜின் முழு பவரில் குடிக்கும் அளவு மட்டும் அந்தத் துளை வழியே போகும். அதற்கு மேல் ஒரு சொட்டு போகாது. முதலில் தையல்காரர் விரலில் மாட்டும் குப்பி மாதிரி இருந்தது. அப்புறம் வெறும் தட்டை வாஷர். சூப்பர்சார்ஜர் அழுத்தத்துக்குத் தக்கபடி இரண்டு அளவுகள். கேட்க சிம்பிளாத்தான் இருக்கு. ஆனா துளை கொஞ்சம் சின்னதானால் டேக் ஆஃப் நேரத்தில் பவர் போதாது. கொஞ்சம் பெரிதானால் வெள்ளம். அந்த அளவைக் கணக்குப்போட்டுப் பிடித்ததில்தான் அத்தனை வருட லேப் வேலையும் நார்ட்டன் டியூனிங்கும் இருந்தன.

உங்க டியூனர் பாக்ஸுக்கு வருவோம். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு இ.சி.யூ அனுப்பும் சிக்னலை அது நடுவில் வாங்கி, நீட்டியோ குறைத்தோ அனுப்புது. நடுவில் நிற்பவர் சொதப்பினால் இதே பட்டினி, இதே வெள்ளம். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்க. வெளுத்திருந்தால் பட்டினி, கரி அப்பியிருந்தால் வெள்ளம். அப்புறம் பாக்ஸைக் கழற்றிட்டு, பழைய கனெக்டர்களை நேராகச் சேர்த்து, காலியான ரோட்டில் ஒரு ரவுண்டு போங்க. இருமல் நின்றால் குற்றவாளி பாக்ஸ் பக்கம்தான்: எர்த் வயர் லூஸா, கனெக்டருக்குள் மழைத்தண்ணி போய் பச்சைபிடிச்சிருக்கா, தப்பான மேப் ஏத்தியிருக்கீங்களா என்று பாருங்க. நிற்கவில்லை என்றால் பாவம், பாக்ஸைத் திட்டாதீங்க. ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்க.

1941 தொடக்கத்தில் பீட்ரைஸ் ஒரு சின்னக் குழுவோடு கிளம்பினார். ஒவ்வொரு போர் விமானத் தளமாகப் போய், வாஷரைப் பொருத்த வேண்டும். இன்ஜினை விமானத்திலிருந்து இறக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். அந்தத் தளங்களுக்கு அவர் எதில் போனார் என்கிறீர்கள்? தன் பழைய ரேஸ் நார்ட்டனில்! மார்ச் மாதத்துக்குள் வேலை முடிந்தது. இருமல் முழுசாகப் போகவில்லை. அந்த முதல் நொடிப் பட்டினி இருக்கத்தான் செய்தது. ஆனால் இன்ஜின் நின்றுபோவது நின்றது. 1943-ல் புதுவகை பிரஷர் கார்புரேட்டர் வரும்வரை மெர்லினைக் காப்பாற்றியது அந்தச் சில்லறை சைஸ் உலோகம்தான். விமானப்படைப் பையன்கள் அதற்கு அவர் பெயரிலேயே ஒரு குறும்பான பட்டப்பெயர் வைத்தார்கள். இங்கே எழுத முடியாது, விடுங்க.

இதே நாட்களில் கணவர் ஜார்ஜும் விமானப்படையில் சேர்ந்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். அதிலும் மெர்லின் இன்ஜின்தான், ஒன்றல்ல, நான்கு.

போர் முடிந்த பிறகும் அம்மணி ஓயவில்லை. ஏவுகணை ஆராய்ச்சி, மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானச் சக்கரம் ஏன் வழுக்குகிறது என்ற ஆராய்ச்சி என்று நீண்டது. அரசு ஓ.பி.இ விருது கொடுத்தது. பைக்கை விட்டு கார் ரேஸுக்கு மாறி, கணவரோடு போட்டிகளில் கலந்துகொண்டார். 1967-ல் டான் கர்னியின் ஈகிள் ஃபார்முலா 1 கார் அதிகமாகச் சூடானபோது, உதவி கேட்டு இவரிடம்தான் வந்தார்கள். அப்போது வயது 58. 1969-ல், சேர்ந்து 33 வருடங்கள் கழித்து ஃபார்ன்பரோவிலிருந்து ஓய்வுபெற்றார். அதே வருடம் சர்ரே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1990 நவம்பர் 18-ல், 81 வயதில் இறந்தார். ஃபார்ன்பரோவில் இன்னைக்கு அவர் பெயரில் ஒரு பப் இருக்கிறது. வாசலில் பைக்கை நிறுத்திட்டு உள்ளே போறவங்களும் இருப்பாங்க.