தங்கையின் பெயரால்

சிறுகோள்களுக்குப் பெயர் வைத்த கதைகளைப் படிப்பதில் எனக்கு ஒரு பித்து உண்டு. சோதனைச் சாலையில் கருவி சூடேறும் வரை காத்திருக்க நேர்ந்தால் அந்தப் பட்டியலைத்தான் புரட்டுவேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் 1181 ஆம் சிறுகோளின் பெயர் லிலித். 1927 இல் அல்ஜியர்ஸ் வானாய்வு நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஏதோ புராணப் பெண்ணின் பெயராக்கும் என்று தள்ளிவிட்டுப் போக இருந்தேன். அப்படியன்று; லிலி பூலாஞ்சே என்ற பிரெஞ்சுப் பெண்ணின் நினைவாக வைத்தது. இசை இயற்றியவள், இருபத்து நான்கு வயதில் இறந்தவள். எனக்கு இப்போது இருபத்து மூன்று. அவள் என்று எழுதுவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ஏறக்குறைய என் வயதுடையவளை அவர் என்று எழுதப் பேனா வரவில்லை.

லிலி 1893 ஆகஸ்டு 21 இல் பாரிஸில் பிறந்தாள். தந்தை எர்னஸ்ட் அப்போது எழுபத்தேழு வயதுக் கிழவர். பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். தாய் ருசிய நாட்டினர். அக்காள் நாடியாவுக்கு அப்போது ஆறு வயது நிரம்பவில்லை. இரண்டு வயதில் லிலிக்கு நிமோனியா கண்டது. பிழைத்தாள், ஆனால் அன்றே உடம்பு நொடித்துவிட்டது. பின்னால் குடல் நோயும் சேர்ந்துகொண்டது. ஒழுங்காகக் கல்லூரிக்குச் சென்று பயில முடியவில்லை. அக்காளின் வகுப்புகளில் உடன் உட்கார்ந்து கேட்டும், வீட்டில் பாடம் சொல்லிக்கொண்டும் கற்றாள். ஆறு வயதில் தந்தையை இழந்தாள்.

பிரெஞ்சு அரசு கலைஞர்களுக்கு ரோமாபுரிப் பரிசு என்று ஒன்று 1968 வரை வழங்கி வந்தது. நம் வழக்கில் சொன்னால் அதுவும் ஓர் உபகாரச் சம்பளந்தான். வென்றவர் ரோம் நகரில் மெடிசி மாளிகையில் தங்கி, சில ஆண்டுகள் சோற்றுக் கவலையின்றித் தம் கலையில் ஈடுபடலாம். 1903 வரையில் பெண்கள் அதற்குப் போட்டியிடவே இயலாது. தந்தை 1835 இல் அதை வென்றவர். நாடியாவும் முயன்றார், 1908 இல் இரண்டாம் பரிசோடு நின்றது. லிலி 1912 இல் போட்டியில் இறங்கி, நோயினால் பாதியில் விலகினாள். மறு ஆண்டு மீண்டும் வந்தாள்.

இறுதிப் போட்டி விசித்திரமானது. போட்டியாளரைக் கொம்பியேன் அரண்மனையில் வாரக் கணக்கில் அடைத்து வைத்துவிடுவார்கள். கொடுத்த பாட்டுக்கு, பாடகர்களும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கத் தக்கதாக, வெளியுதவி இன்றி எழுதி முடிக்க வேண்டும். மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வுக்கே நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்! நோயாளிப் பெண் எழுதி முடித்தாள். முப்பத்தாறு வாக்குகளில் முப்பத்தொன்று அவளுக்கு. இசைக்காக அப்பரிசு பெற்ற முதல் பெண் அவளே. வயது பத்தொன்பது.

உபகாரச் சம்பளம் என்பது பணமன்று, நேரம். சென்ற ஆண்டு நான்கு மாதம் என் சம்பளம் வராமல் நின்றபோதுதான் இதை உணர்ந்தேன். படிக்க வேண்டிய மாலைகளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில் போயின. லிலியின் நிலையோ நேர் எதிர். பணம் கிடைத்தது; நேரம் கிடைக்கவில்லை. 1914 மார்ச்சில் ரோமுக்குப் போனாள். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது.

பாரிஸில் அக்காளும் தங்கையுமாக, போர்முனைக்குச் சென்ற சங்கீத மாணவர்களுக்கு உதவும் வேலையை மேற்கொண்டார்கள். பதுங்கு குழிகளிலிருந்து வந்த கடிதங்களைத் தொகுத்துப் பத்திரிகையாக்கி, ஒருவர் செய்தியை மற்றவருக்கு அனுப்பினார்கள். மாணவர் மலர் ஒன்றில் எழுதும் எனக்கு, அவள் வாங்கிய பரிசைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

1916 இல் மறுபடி ரோமுக்குச் சென்று நோயோடு திரும்பினாள். இடையிடையே எழுதியவை வேத நூலின் சங்கீதங்களுக்கு அமைத்த பேரிசைகள். இன்னொன்று பௌத்தப் பிரார்த்தனை. மூலம் விசுத்தி மக்கத்திலிருந்து வந்தது. எவ்வுயிரும் பகையின்றி இன்புற்றிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஐரோப்பா ஒருவரையொருவர் கொன்று குவித்துக்கொண்டிருந்த 1914 முதல் 1917 வரையில் இதை எழுதினாள். மேல்நாட்டுச் சங்கீதம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆயினும் நடுவில் தனித்து எழும் அந்தப் புல்லாங்குழலை விடுதி அறையில் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன்.

எடுத்த இசை நாடகம் முற்றுப்பெறவில்லை. பேனா பிடிக்கவும் வலுவற்றபோது, கடைசிப் படைப்பை அவள் சொல்லச் சொல்ல நாடியா எழுதினார். 1918 மார்ச் 15 இல் லிலி மறைந்தாள். பத்து நாள் கழித்து டெபுஸி என்ற பெரிய இசைமேதையும் இறந்தார்.

நாடியா சில ஆண்டுகளில் சொந்தமாக இசை இயற்றுவதையே விட்டுவிட்டார். தங்கைதான் மேதை, தாம் அல்லர் என்பது அவர் எண்ணம். சரியோ தவறோ, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அதன்பின் பிறருக்குக் கற்பிப்பதே வாழ்வாயிற்று. அமெரிக்காவின் ஆரன் கோப்லண்டும் அர்ஜென்டினாவின் பியசோலாவும் அவரிடம் பயின்றவர்கள். 1939 இல் பாஸ்டன் நகரில் லிலியின் பெயரால் ஒரு நினைவு நிதி நிறுவப்பட்டது. அவள் இசையை மறக்கவிடாமல் காப்பது ஒரு நோக்கம். திறமையுள்ள இளம் இசைவாணர்க்குப் பொருளுதவி செய்வது மற்றொன்று. 1942 முதல் பரிசு கொடுக்கத் தொடங்கினார்கள்.

நாடியா 1979 அக்டோபரில் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். மோன்மார்த்ர் இடுகாட்டில், அறுபத்தோராண்டுக்கு முன் தங்கையை அடக்கம் செய்த அதே கல்லறையில் அவரையும் வைத்தார்கள்.