படிகம் பயின்ற கிருஷ்ணன்

திருவொற்றியூரில் எங்கள் பாட்டியார் தம் துணிப்பெட்டியைப் பூச்சி அணுகாதிருக்கும்பொருட்டு, நாலைந்து பாச்சை உருண்டைகளை இட்டு மூடிவைப்பது வழக்கம். நிலக்கரித் தாரினின்று எடுக்கப்படும் நாப்தலீன் என்னும் அப்பொருள், படிகமாய் உறைந்த நிலையில் ஒரு தமிழறிஞரின் ஆராய்ச்சிக்கு இலக்காயிற்று என்பதை அவர் அறியார்; சென்ற ஆண்டுவரை யானும் அறியேன்.

அவ்வறிஞர் ஸர் கே. எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதிலேயே இரசாயனச் செய்முறை ஆசிரியராய் அமர்ந்தார். அக்கல்லூரி அந்நாளில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. நண்பகல் உணவு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்துகொண்டு, பௌதிகம், இரசாயனம், கணிதம் எதைக் குறித்தும் வினவலாம். பிற கல்லூரி மாணவரும் அக்கூட்டத்தை நாடி வந்தனராம். பரீட்சைக்கு வாராத வினாவை வினவ நாணும் எம்போலியர்க்கு இது வியப்பே.

1920இல் கல்கத்தா சென்றார். 1923இல் இராமனிடம் சேர்ந்தார். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவில் அவருக்கிருந்த பங்கு யாவரும் அறிந்தது. நோபல் பரிசு பற்றிய வழக்கோ இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதனுள் நாம் புகவேண்டா; அவருக்கே உரிய பெரும்பணி அதன் பின்னரே தொடங்கிற்று.

அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற அவர், படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்தினார். படிகம் திரும்ப முயலும். இழை முறுக்கேறி அதனைத் தடுக்கும். அம்முறுக்கை அளந்தே, உள்ளே மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என உணர்ந்தார். நாப்தலீனில் இரண்டு கரி வளையங்கள் ஒட்டித் தட்டையாய்க் கிடக்கும், ஆந்த்ரசீனில் மூன்று. கண்ணுக்கெட்டாத அத்தட்டுகளின் சாய்வை ஒரு நூலிழை காட்டிற்று! 1933இல் கல்கத்தா மீண்டபின், இத்தகைய படிகங்கள் எத்திசை ஒளியை மிகுதியாய் விழுங்குகின்றன, எங்ஙனம் ஒளிர்கின்றன என்பவற்றையும் ஆராய்ந்தார். 1940இல் இராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராய் ஏற்றது.

1947இல் பெர்லினில் கால்மன் என்பார் நாப்தலீனை உருக்கித் தெளிந்த கட்டியாக்கினார். பாச்சை உருண்டைகளையே உருக்கினார் என்பர். கதிரியக்கத் துகள் பட்டவுடன் கட்டி மின்னிற்று. தன் ஒளியைத் தானே விழுங்காது வெளிவிட்டது. ஒளிபெருக்கிக் குழாய் அதனைக் கணக்கிட்டது. மறு ஆண்டே ஆந்த்ரசீனும் இத்தொழிலுக்கு வந்தது. அதன் மின்னல் ஒரு விநாடியின் நூறு கோடிப் பங்கில் ஏறக்குறைய 30 பங்கில் அடங்கிவிடும். அதே 1948இல் வந்த தாலியம் கலந்த சோடியம் அயோடைடுக்கோ ஏறக்குறைய 230 பங்கு வேண்டும். மின்னல் விரைந்து மறைந்தாலன்றோ அடுத்து வரும் துகளைத் தனியே எண்ணலாம்? நாப்தலீன், ஆந்த்ரசீன் இவற்றில் வளையங்களின் மின்னணுக்களே ஒளியைத் தருதலின் இவ்விரைவு வாய்த்தது. ஆயினும் இலேசான இப்படிகங்கள் காமாக் கதிரைத் தடுக்கும் வலியற்றவை. ஆதலின் நோயாளியின் உடலைப் படமெடுக்கும் பாஸிட்ரான் கருவிகளில் லூடீஷியம் போன்ற கனத்த தனிமம் சேர்ந்த படிகங்கள் இடம்பெற்றன. அவற்றின் விரைவு 40 பங்கு.

கிருஷ்ணன் கதிர்காணும் கருவி எதனையும் செய்தாரல்லர். செய்தார் எனப் புகழ்வது அவருக்கே ஒவ்வாது. எனினும் அவ்வொளி பிறக்கும் மூலக்கூறுகளின் கிடக்கையை, பிறர் அதனால் பயன்கொள்வதற்குப் பத்தாண்டு முன்பே அளந்தவர் அவர்.

அதே 1947இல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராய்ப் புதுதில்லி சென்றார். அலுவற் சுமையினிடையிலும் ஆராய்ச்சியை விட்டாரில்லை. தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகளும் எழுதினார். எங்கள் ஆனர்ஸ் பாடத்தில் அவற்றுள் ஒன்றும் இல்லாமை எனக்குக் குறையே. 1958இல் பட்நாகர் பரிசு முதன்முதலாக அவருக்கே அளிக்கப்பட்டது. 1961 ஜூனில், தம் அறுபத்திரண்டாம் வயதில், இயக்குநர் பொறுப்பில் இருந்தபடியே காலமானார்.